முடிச்சு இல்லாத வேர்

அண்ணன் வயலில் ஓர் அவரைச் செடியைப் பிடுங்கி வேரை உதறிப் பார்த்தாள் தங்கை. நாற்பது நாள் செடி. வேர் நெடுக மிளகளவு முடிச்சுகள் இருந்திருக்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. ஒன்றுகூட இல்லை. இன்னும் ஐந்தாறு செடிகளைப் பிடுங்கிப் பார்த்தாள். எல்லாம் அதே கதைதான். வயலே வெளிறி மஞ்சளாக நின்றது.

ஆய்வுக்கூடத்தில் அந்த நுண்ணுயிர்களை வளர்ப்பதுதான் அவள் உத்தியோகம். அண்ணன் அவளைக் 'கிருமி' என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் ஒரு பக்கம் இருந்தாலும், தங்கை பேச்சைத் தட்டாமல், அவள் கொடுத்த நுண்ணுயிர் பாக்கெட்டை நம்பி இந்த முறை யூரியா மூட்டையை அவர் தொடவே இல்லை. விளைந்தால் நிலம் கையில் நிற்கும்; பொய்த்தால் குடோன் கட்டக் கேட்பவருக்கு விற்றுவிடுவது என்று பேச்சு. அந்த மனிதர் கிரயப் பத்திரத்தோடு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாயிற்று.

அண்ணி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உங்க அண்ணன் எவ்வளவு பக்குவமா செஞ்சாரு தெரியுமா? நீ குடுத்ததைக் கரைக்கிறதுக்கு முன்னாடி, டிரம் தண்ணியில ஒரு கைப்பிடி ப்ளீச்சிங் பவுடர் போட்டாரு. பாவம், வாயில்லா ஜீவன், அழுக்குத் தண்ணியில அதுக்குச் சீக்கு வந்துடக் கூடாதுன்னு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனையும் அந்த டிரம்முக்குள்ளேயே செத்திருக்கும். வெயில் படக்கூடாது, பூச்சிமருந்து சேரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை. கிருமிக்கே சுத்தம் பார்க்கும் மனுஷன் ஒருவர் இருப்பார் என்று யார் கண்டார்கள்?

அண்ணன் வரப்பில் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"கிருமி, உள்ளதைச் சொல்லு. நான் ஏதாவது கெடுத்துட்டேனா? பத்து நாளா தூக்கமே இல்ல. என் கையாலதான் போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

உண்மையைச் சொன்னால் அடுத்த பருவத்தில் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம், நிலம் தப்பிக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"இல்லண்ணா. நான் குடுத்த பாக்கெட்டே கெட்டுப்போனது."

அண்ணன் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்பாடா! சரி விடு, நீ என்ன பண்ணுவ? அப்ப இதை நம்பி இன்னொரு வருஷம் ஓட்ட முடியாதுல்ல?"

முடியாதுதான் என்று அவள் மெல்லத் தலையாட்டினாள்.

சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு நடந்தார். பத்து நாளாக இல்லாத தெம்பு அந்த நடையில் இருந்தது.