முதல் பெயர்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. பதினோரு வருஷமாகக் கண்ணாடித் தட்டுகளில் தோல் செல்களை வளர்ப்பதுதான் வேலை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை மாற்றுவதுபோலச் சத்துநீரை மாற்றுவாள், ஒரு செல்கூட அசங்காது. தோல் சும்மா உடம்பைப் போர்த்திக் கிடக்கும் உறை இல்லை, ஏதாவது பட்டால் முதலில் கூப்பாடு போட்டு எதிர்ப்புச் செல்களை வரவழைப்பதே அதுதான், சிவப்பதும் வீங்குவதும் அதனால்தான் என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

மூன்று மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள் புயல். நடை, பேச்சு, வேலை எல்லாமே படுவேகம் என்பதால் அந்தப் பெயர். களிம்பில் சேர்க்கிற ஒரு மருந்தை ஊற்றினால் தோல் செல்கள் தாமாகவே கூப்பாடு போடும் எச்சரிக்கைப் புரதத்தைக் கக்குகின்றன என்று அவள் கண்டுபிடித்துவிட்டாளாம். இயக்குநர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயரும் அவளுக்கே. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்தது இவளுக்கு, பேரும் புகழும் நேற்று வந்தவளுக்கா?

"கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க" என்றார் இயக்குநர்.

அக்கா மூன்று தடவை செய்தாள். மருந்து ஊற்றிய தட்டிலும் ஒன்றுமில்லை, ஊற்றாத தட்டிலும் ஒன்றுமில்லை. ஏதோ பேச வந்தவள்போலப் புயலின் மேசைப் பக்கம் போய் நின்றாள். மருந்து ஊற்றுவதற்காகப் பழைய நீரை உறிஞ்சும்போது புயலின் பிப்பெட் குழாய் முனை தட்டின் அடியில் இருந்த செல்களைச் சரக்கென்று உரசியது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, மருந்தில்லாத தட்டுகளில் அவள் நீரை மாற்றவே இல்லை, அதனால் அவற்றில் கீறலும் இல்லை. நேரம் மிச்சமாம். அப்படியானால் மருந்துக்கும் கூப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கீறல் பட்ட செல்கள்தான் அலறியிருக்கின்றன.

அக்காவின் மனசு துள்ளியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஆனால் துள்ளல்தான் அதிகம்.

"அக்கா, உங்களுக்கும் வந்துச்சா?" என்று கேட்டாள் புயல்.

"அப்படியே வந்துச்சு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். புயல் தன் முடிவைச் சொல்லப்போகும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் மூக்குடைபடட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேடையில் புயல் வழக்கத்துக்கு மாறாக நிதானமாகப் பேசினாள்.

"இந்த முடிவை முதல்ல நானே நம்பலை. எனக்கு அவசரக் கை. அக்கா செஞ்சு பாத்து, வந்துச்சுன்னு சொன்னப்புறம்தான் நம்பினேன். தோல் செல்லே கூப்பிடும்னு எனக்குப் புரிய வெச்சதும் அவங்கதான். அதனால இயக்குநர்கிட்ட கேட்டு முதல் பேரை மாத்திட்டேன்."

திரையில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது. கைதட்டினார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு நிபுணர் கேட்டார்: "மருந்து போடாத தட்டுலயும் இதே மாதிரி நீரை மாத்தினீங்களா?"

புயலின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "நான் மாத்தலை. ஆனா அக்கா மாத்தியிருப்பாங்க. அவங்க வேலையில அந்தத் தப்பு இருக்காது. அவங்களுக்கும்தான் வந்துச்சே" என்று அக்காவைப் பார்த்தாள். அறுபது தலைகள் திரும்பின. யாரோ ஒலிவாங்கியை அக்காவின் கையில் கொடுத்தார்கள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், பதினோரு வருஷமாக ஏங்கிய முதல் பெயர் அவளுடையது.

எழுந்து நின்றாள்.

"எனக்கு வரலை. மூணு தடவையும் வரலை. உன் பிப்பெட் அடியில உரசுது. செல்லுக்குக் காயம் பட்டுத்தான் அது வருது. அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்க்கா சொல்லலை?" என்றாள் புயல். அவள் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பொறாமை" என்றாள் அக்கா. ஒலிவாங்கி வாயருகே இருந்ததால் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.