டப்பாவில் இருப்பது சத்து மாத்திரை

1

இது கதையாகப் பிறந்ததல்ல. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் உடலில் அழற்சி ஏன் முழுதாக அடங்குவதில்லை என்று ஒரு மருத்துவ இதழுக்கு நான் எழுதிய கட்டுரை. குடல் சுவர், இரத்தக் குழாய், வெள்ளையணு என்று ஒவ்வொன்றையும் ஆசை ஆசையாக விளக்கியிருந்தேன். இதழாசிரியர் அம்மா படித்துவிட்டு, எல்லாம் சரிதான், இதில் ஆள் எங்கே என்றார். சரி என்று ஓர் ஆளைச் செய்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

2

முதல் தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது, அவன் மனதைப்போல" [வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?]

அடுத்தது: "அவன் ஒரு பாவமும் அறியாதவன். எப்போதோ மருத்துவமனையில் ஏற்றிய இரத்தத்தால்தான் அவனுக்கு" [அடித்துவிட்டேன். இது கதை இல்லை, நன்னடத்தைச் சான்றிதழ். எப்படி வந்தது என்று போடவில்லையே என்று இதழாசிரியர் அம்மா கேட்டார். போடமாட்டேன். சர்க்கரை நோயாளியைப் பற்றி எழுதியபோது அவர் இதைக் கேட்கவில்லை.]

மூன்றாவது: "அவன் கண்ணாடி அறுப்பவன்." இது நிற்கட்டும்.

3

கடை அவன் அண்ணனுடையது. சன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி. அறுப்பது என்கிறோமே தவிர, உண்மையில் யாரும் கண்ணாடியை அறுப்பதில்லை. கடுகளவு சக்கரம் ஒன்றை அழுத்தி இழுத்தால் மேலே ஒரு கீறல் விழும். அவ்வளவுதான். பிறகு அடியில் மெல்லத் தட்டினால், கண்ணாடி தானாகவே அந்தக் கோட்டில் பிரிந்து கொடுக்கும்.

கடையில் எல்லோரும் வெறுங்கையால் வேலை செய்வார்கள். தம்பி மட்டும் கையுறை போடாமல் கண்ணாடியைத் தொடமாட்டான். "டாக்டர் ஐயா ஆபரேஷனுக்குக் கெளம்பிட்டாரு" என்பது அண்ணனின் அன்றாட நக்கல். என்றைக்காவது கையில் கிழித்துவிட்டால் யாரையும் கிட்டே விடாமல், தானே கட்டுப்போட்டு, மேசையையும் தானே துடைத்துவிட்டு வருவான். சுத்தக்காரன் என்று கடையில் பெயர்.

விஷயம் தெரிந்தவள் அவன் மனைவி மட்டும். கீழ்த்தளத்தில் அண்ணன் குடும்பம், மேலே இவர்கள், சாப்பாடு எல்லோருக்கும் கீழேதான். மாத்திரைகளை அவள் ஒரு சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றி, கீழே சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டாள். ஒளித்து வைத்தால்தான் தேடுவார்கள் என்பது அவள் யோசனை. நல்ல யோசனைதான். பல வருஷம் யாரும் தேடவில்லை.

4

இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வைரஸ் உடம்பில் நுழைந்த முதல் வாரங்களிலேயே குடலைத் தாக்குகிறது. உடம்பின் காவல் அணுக்களில் பெரும்பகுதி குடியிருப்பது அங்கேதான். அவை அழிந்ததும் குடல் சுவர் லேசாகக் கசியத் தொடங்குகிறது. கிருமித் துணுக்குகள் இரத்தத்தில் கலக்க, மிச்சமிருக்கும் காவலர்கள் பதறியடித்து எழுகிறார்கள். மாத்திரை வைரஸை அடக்குகிறது, ஆனால் அது சில அணுக்களுக்குள் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். குடல் முழுதாக ஆறுவதில்லை. அதனால் காவலர்களின் பதற்றமும் முழுதாகத் தணிவதில்லை. எதிரி கண்ணில் படாத ஊரில், ஆயுதத்தோடு வருஷக்கணக்காக அலைகிறவர்களை நினைத்துப் பாருங்கள். எதையாவது உடைப்பார்கள். உடைபடுவது பெரும்பாலும் இரத்தக் குழாயின் உட்சுவர்.*

(* இதயநோய் இவர்களுக்குச் சற்று முன்னதாகவே வர இது ஒரு காரணம். இடையில் மாத்திரை நின்றால் வைரஸ் எழும், அழற்சியும் கூடவே ஏறும். இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.)

அவனுடைய பரிசோதனை முடிவில் வைரஸ் "தென்படவில்லை" என்று இருக்கும். அதை அவன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று வாசித்துக்கொண்டான். பல வருஷம் எல்லோரிடமும் அதையே சொல்லி, கடைசியில் தானும் நம்பிவிட்டான்.

கொஞ்ச காலமாக ஒரு குழப்பம். மாதக் கடைசியில் மாத்திரை முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஒழுங்காகப் போடுகிறானா, தூக்கி எறிகிறானா என்று மனைவிக்குச் சந்தேகம். அவள் டப்பாவுக்கு மாற்றும்போது சிந்திவிடுகிறாள் என்று அவனுக்கு. சீக்கிரம் போய்க் கேட்டால் மருந்து கொடுப்பவர் துருவுவார் என்று, அந்தச் சில நாட்களை மாத்திரை இல்லாமலே ஓட்டிவிடுவார்கள்.

5

கடையில் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கும்போது அவனுக்கு நெஞ்சை அடைத்தது. வேர்த்துக் கொட்டியது. அண்ணன் அவனை வண்டியில் ஏற்றி, வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே ஓடிப்போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு, அவன் மனைவியையும் ஏற்றி, அவசரப் பிரிவில் கொண்டு சேர்த்தார்.

டாக்டர் அம்மா இளம்வயது. எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். புகை? இல்லை. சர்க்கரை? இல்லை. பிரஷர்? அதுவும் இல்லை. கேள்வி அவனிடம், பதில் எல்லாம் அண்ணனிடமிருந்து.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

அண்ணன் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். தம்பிக்காக எதையும் மறக்காமல் எடுத்து வந்த பெருமை அவர் முகத்தில்.

"இது ஒண்ணுதான்மா. சத்து மாத்திரை. நல்ல மாத்திரை, நானே அப்பப்ப ரெண்டு எடுத்துப் போட்டுக்குவேன். இவன்கிட்ட சொல்லல, கஞ்சப்பய, கணக்குப் பாப்பான்."

மனைவி கணவனைப் பார்த்தாள். சிந்தியதும் இல்லை, எறிந்ததும் இல்லை.

டாக்டர் டப்பாவைத் திறக்கவில்லை. வயதும் கம்மி, வேறு கோளாறும் இல்லை, வாயுவாக இருக்கலாம், வலி திரும்ப வந்தால் வாருங்கள் என்று சீட்டை எழுத ஆரம்பித்தார். உள்ளதைச் சொன்னால் அவனைப் படுக்கவைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, இதயத்தைக் கவனிப்பார்கள். சொல்லாவிட்டால் வீடு.

"நான் சொன்னேன்ல, வாயுதான்டா" என்று அண்ணன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றான் அவன்.

"எதுக்குடா? எனக்குத் தெரியாம உனக்கு என்ன இருக்கு?"

6

முடிவு (அ): அண்ணன் வெளியே போகிறார், தம்பி உள்ளதைச் சொல்கிறான், பிழைக்கிறான். [நான்கு முறை எழுதிப் பார்த்தேன். இந்த அண்ணன் போகமாட்டார். தம்பியை இந்த நிலையில் விட்டுவிட்டு நகர்கிற மனிதர் இல்லை அவர்.]

முடிவு (ஆ): மனைவி சொல்லிவிடுகிறாள். [அப்போது பழி அவள் தலையில் விழும். கதையிலாவது அவளை விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.]

முடிவு (இ): மூவரும் வீடு திரும்புகிறார்கள். அன்று சாயங்காலம் [இதை எழுதத்தான் மிகச் சுலபமாக இருந்தது. அதனாலேயே நிறுத்தினேன்.]

டாக்டர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். அடைபட்ட குழாயை எப்படித் திறப்பார்கள் என்று உங்களுக்குப் படம் போட்டே காட்டுவேன். தெரியாதது ஒன்றுதான். டப்பாவில் இருப்பது என்ன என்று அந்த அறையில் யாராவது சொன்ன மறுநொடி, தம்பியின் முதுகில் இருக்கும் அந்தக் கை அங்கேயே இருக்குமா?

அதைப் பார்க்காமல் அவன் வாயைத் திறக்கமாட்டான். கை நகராது என்று, வாயால் சொல்லாமலே அவனுக்குச் சொல்லியாக வேண்டும். சீட்டு எழுதி முடியப்போகிறது.

நீங்களே எழுதுங்கள். தம்பியாகவோ டாக்டராகவோ இருந்து எழுத வேண்டாம், அது யாருக்கும் வரும். அண்ணனாக இருந்து எழுதுங்கள். அந்த மாத்திரையை நீங்களும் விழுங்கியிருக்கிறீர்கள். கை உங்களுடையது.