மேற்கே போன ஏழாம் எண் வீடு

குடிபுகுந்த மூன்றாம் நாள் ஏழாம் எண் வீடு மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. நாளுக்கு நூறடி. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை எடுக்கவில்லை. வெள்ளம் கொண்டுபோன தெருவுக்குப் பதிலாகக் கட்டிய நாற்பது வீடுகளில் அது ஒன்று. மண்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தொட்டி. கல் அறுக்கும் முன்பே இன்ஜினியரம்மா, வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் மேட்டில் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளில் ஏறி இறங்கி, குடியிருக்கப் போகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் ஆட்டுக்கு அறை கேட்டார். ஒருத்தி, மாமியார் இருமல் கேட்காத சுவர் கேட்டாள். ஏழாம் எண் வீடு தையல்காரிக்கு. வெள்ளத்துக்கு ஐந்து மாதம் முன்பு மேற்கே ஏதோ குவாரிக்கு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லை. ஆள் விட்டும் தேடியாயிற்று.

“அவர் இருக்கிற பக்கமா இருந்தாப் போதும்மா,” என்றாள்.

இன்ஜினியரம்மா அதை ‘மேற்குப் பார்த்த வாசல்’ என்று எழுதிக்கொண்டார். வீடு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டைப் பழைய இடத்தில் வைக்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ஜினியரம்மா வந்து சுற்றிப் பார்த்தார். அஸ்திவாரத்தோடுதான் போய்க்கொண்டிருந்தது; ஒரு விரிசல் இல்லை.

“இறங்கிடுங்க, வேற வீடு தரச் சொல்றேன்.”

“இதுதாம்மா நான் கேட்ட வீடு.”

ஒதுக்கீடு ரத்தானது. வீடு போய்க்கொண்டே இருந்தது. வழியில் இருந்தவர்கள் வேலியைப் பிரித்துவிட்டு, அது கடந்ததும் கட்டிக்கொண்டார்கள். ஓர் ஊரில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தவர்கள் அடுத்த ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒரு சட்டை புருஷனுக்கென்று தைத்தாள். இளைத்திருப்பார் என்று ஒவ்வொரு முறையும் அரை இஞ்ச் பிடித்தாள். சில மாலைகளில் மிஷினை நிறுத்திவிட்டு, ரோட்டில் போகிறவர்களின் நடையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழாம் வருடம் ஒரு மத்தியானம், குவாரித் தொழிலாளர் குடிசைகளுக்கு முன்னால் வீடு நின்றது. தலையெல்லாம் கல்தூசியோடு ஒருவர் வெளியே வந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும் தூசியைத் தட்டிக்கொண்டே கிட்டே வந்தார்.

“வெள்ளம் வடிஞ்சதும் ஓடி வந்தேன். தெருவே இல்ல. ஒருத்தரும் மிஞ்சலன்னு பாலத்துல நின்னவங்க சொன்னாங்க.”

“மேட்டுல கொட்டகை போட்டு இருந்தோம்.”

அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். “வீடு எப்போ கட்டின?”

“கட்டி ஆறு வருஷமாச்சு. வர்றதுக்குத்தான் நாளாயிடுச்சு.”

மறுநாளிலிருந்து வீடு நகரவில்லை. பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று பக்கத்துக் குடிசைக்காரர்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.