பொலிவியாவில் அக்கா

குளித்த ஈரம் துவட்டாமலே வேட்டியைக் கட்டிக்கொண்டு, விக்னராஜா போனைக் குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து நிறுத்தினான். அவன் இருக்கும் டார்னெய்ட்டில் காலை ஆறு மணி. பொலிவியாவில் முந்தின நாள் பின்னேரம். திரையில் ஒரு மண்சுவர் அறை. கோடு போட்ட கம்பளிக்குக் கீழே அக்கா கிடந்தாள்.

அக்கா கிரிஜாவுக்கு ஐம்பத்துநாலு வயது. ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணம் கட்டவில்லை. படகில் வந்த தம்பியைத் தடுப்பு முகாமிலிருந்து விட்டபோது, வாசலில் காரோடு நின்றவள் அவள்தான். மலைநாடுகள் என்றால் அவளுக்கு ஒரு பைத்தியம். "உனக்கு விசா கிடைக்கட்டும், எல்லாருமாப் போவம்" என்று பதினொரு வருசம் காத்திருந்தாள். கடைசியில் இவன்தான் எரிந்து விழுந்தான். "என்னைப் பாத்துக்கொண்டிருந்தா நீயும் இஞ்சயே கிடக்க வேண்டியதுதான். போட்டு வா."

போனாள். நாலாயிரம் மீற்றருக்குக் கிட்டிய உயரத்தில், ஏரிக்கரைக் கிராமமொன்றில், அய்மாராப் பழங்குடிக் குடும்பமொன்றோடு தங்கினாள். மூன்றாம் நாள் மூச்சு முட்டியது. தாழ்வான இடத்துக்கு இறக்கியிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் ஏதோ போராட்டமென்று வீதி முழுக்கப் பாறைகளை உருட்டிவிட்டிருந்தார்கள். அவள் இறந்து இரண்டு நாளாகியும் ஒரு வண்டி போகவில்லை. இனி வைத்திருக்க முடியாது, இங்கேயே புதைக்கட்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

இவன் லோயரிடம் ஓடினான். "போகலாம் அண்ணை. திரும்பி வரேலாது" என்றார் அவர். அவனுடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கியவள் மனைவி தர்சினி. ஒரு மணித்தியாலம் கழித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தவளும் அவள்தான்.

"எங்கட ஆக்களை எரிக்கிறதெல்லோ" என்றாள் தர்சினி இப்போது, குசினிக் கதவுநிலையில் நின்றபடி.

"அங்க விறகுக்கு மரமே இல்லையாம்."

அக்கா தங்கியிருந்த வீட்டுக்காரியின் மகள் நெலிடா திரைக்குள் வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, இங்கிலீஸ் தெரியும். அவளுக்குப் பின்னால் வட்டத் தொப்பி வைத்த பெண்கள் சுவரோரம் வரிசையாக இருந்து, கொக்கா இலையை மென்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அக்காவின் காலடியில் கம்பளியைச் சரிசெய்தாள், குழந்தைக்குச் செய்வதுபோல.

புதைத்த பிறகு எல்லாருக்கும் சாப்பாடு வைக்க வேண்டும், அவருக்கு எது பிடிக்கும் என்று அம்மா கேட்கிறா என்றாள் நெலிடா.

விக்னராஜா யோசித்தான். "உருளைக்கிழங்கு" என்றான். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

நெலிடா அதைத் தங்கள் மொழியில் சொன்னாள். அவர்களும் விளைவித்துச் சாப்பிடுவது அதைத்தான்; சுவரோரம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வீட்டுக்காரக் கிழவி இவனைப் பார்த்து நெடுநேரம் தலையாட்டினாள். எட்டாம் நாள் அவருடைய உடுப்புகளைத் தோய்ப்போம் என்றாள் நெலிடா.

"எங்களுக்கும் எட்டாம் நாள் இருக்கு" என்றான் இவன். அன்று படைக்கும் எட்டுச்செலவை எப்படி இங்கிலீசில் விளக்குவதென்று தெரியவில்லை.

அப்ப, புதைக்கட்டுமா என்று கேட்டாள் நெலிடா.

தர்சினியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றான் தமிழில். நெலிடாவுக்கு விளங்கிவிட்டது.

தூக்கினார்கள். படம் ஆடியது, கல்வேலி, ஏரி நீலம், யாருடையவோ செருப்புக் கால்கள். மேட்டில் சிக்னல் இருக்காது என்று நெலிடா மூச்சு வாங்க எச்சரித்தாள். குழிக்குள் இறக்கியபோது குரல்கள் மட்டும் வந்தன. பிறகு படம் தெளிந்தது. உங்களுக்காக நான் மண் போடவா என்று கேட்டாள்.

"மூண்டு பிடி" என்று மூன்று விரலைக் காட்டினான்.

அவள் குனிந்து அள்ளிக் கையை நீட்டினாள். அப்படியே படம் நின்றுவிட்டது.

"இஞ்சேருங்கோ" என்றாள் தர்சினி மெல்ல. "வேலைக்கு வரேல்லையெண்டு போன் அடிச்சுச் சொல்லவோ?"

போனைத் தொட்டால் தொடர்பு அறுந்துவிடுமோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். திரையில் அந்தப் பிடி மண் இன்னும் விழவில்லை.