மாமனார் கொடுத்த குளிர்

பொய் சொல்வதென்றால் ஒரு அளவோடு சொல்ல வேண்டும். என் மனைவி கீர்த்தனாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. "கூலர் எப்டிம்மா கீது?" என்று அவள் அப்பா போனில் கேட்டார். "நல்லா கீது நைனா" என்று நிறுத்தியிருக்கலாம். இவளோ, "குளுரு தாங்கல நைனா, போத்திக்கினுதான் படுக்குறோம்" என்று சேர்த்துவிட்டாள். அதுவும் அக்னி நட்சத்திரத்தில். அதுவும் சதுரங்கப்பட்டினத்தில், காலையில் உலர்த்திய பனியன் சாயங்காலம் அதைவிட ஈரமாக வீட்டுக்குள் வருகிற ஊரில்.

திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் கல்யாணமான பிறகு அவள் அப்பா அவளோடு பேசிய முதல் பேச்சு அது. அவள் கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என் மாமனார் உலகநாதன் பொன்விளைந்தகளத்தூர்க்காரர். நெல், வேர்க்கடலை, வற்றாத கிணறு என்று வாழ்கிற மனிதர். "உப்புத் தண்ணி ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார். எனக்குச் சொந்தமாக ஒரு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது என்றதற்கு, "அத கரைச்சிக் குடிக்க முடியுமா?" என்று கேட்டார். நாங்கள் திருவிடந்தைக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். அவர் வரவில்லை. இனிமேல் என் வாசற்படி மிதிக்காதே என்று மகளுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கீர்த்தனா களத்தூர் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவர் இந்தக் கோடையில் திடீரென்று ஒரு டாடா ஏஸில் பீரோ உயரத்துக்கு ஒரு ஏர் கூலரை ஏற்றி அனுப்பினார். கீர்த்தனா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லவேளை, அப்போது கரண்ட் கொடுத்திருக்கவில்லை.

கூலர் நல்ல கூலர்தான், பழி சொல்ல மாட்டேன். தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும், பக்கத்துக்கொரு புல் தட்டியில் அது வழியும், ஃபேன் வெளிக்காற்றை அந்த ஈரத்தின் வழியாக இழுக்கும். காய்ந்த காற்று தண்ணீரைக் குடித்துக் குளிர்ந்து வரும். களத்தூர்க் காற்று ஒரு குடம் குடிக்கும். எங்கள் ஊர்க் காற்று கடலில் கழுத்துவரை குடித்துவிட்டுத்தான் கரைக்கே வருகிறது. அதற்கு மேலும் ஊற்றிக் கொடுத்தால் நம் மேல்தான் கக்கும்.

ஆனாலும் கீர்த்தனா அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். எங்கள் போர் தண்ணீரால் புல்லில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பாள். கொசு முட்டையிடுமென்று தொட்டியை அடிக்கடி கவிழ்த்துக் கழுவுவாள். மோட்டாருக்குக் குங்குமம்கூட வைத்தாள். அதுவும் தன்னால் ஆன மட்டும் புழுங்கிக் கொடுத்தது.

போன் பேசிய வாரமே சனிக்கிழமை வருகிறேன் என்றார் மாமனார். கூலர் இவ்வளவு குளிர் தருகிறதென்றால் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"நைனா மொத மொத குடுத்த பொருளு. சரியில்லன்னு யாராவது வாயத் தொறந்தீங்க, அவரு அப்படியே திரும்பிப் பூடுவாரு, அப்புறம் நான் செத்தாக்கூட வரமாட்டாரு" என்றாள் கீர்த்தனா. இதற்குமேல் நான் என்ன செய்யட்டும்?

"ஐஸ் போடு" என்றாள் என் அம்மா. "சன்னலயெல்லாம் சாத்து. தொறந்து வெச்சா குளுரு வெளிய பூடும்."

ஏசிக்குச் சாத்துவதுதான், கூலருக்கு எதிர்ச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று கூலரோடு வந்த தாளில் படம் போட்டே காட்டியிருந்தது. அம்மாவிடம் யார் சொல்வது? சாத்தினோம். கதவிடுக்கில் துணிகூடச் சொருகினாள். நான் மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு ஓடி, படகுக்காரர்களிடம் ஒரு பாளம் ஐஸ் கேட்டுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, உடைத்துத் தொட்டியில் போட்டேன்.

மாமனார் அதே டாடா ஏஸில் வந்து இறங்கினார். என்னைத் தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மகளிடம் ஒரு பெரிய மூட்டையை நீட்டினார். "குளுரு தாங்கலன்னியேம்மா" என்றார். பிரித்தால், நாலு கம்பளி.

அப்புறம் என்ன? போர்த்திக்கொண்டோம். வேறு வழி? கூலரைப் போட்டோம். நாலு பேரும் வரிசையாக அதன் முன்னால் உட்கார்ந்தோம், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய.

"நல்லா சில்லுனு கீது" என்றார் மாமனார். அவரும் ஒரு கம்பளிக்குள்தான் இருந்தார். தான் கொடுத்த கூலர் குளிரவில்லை என்று அவரே எப்படிச் சொல்வார்?

"பல்லு கிட்டுது சம்பந்தி" என்றாள் அம்மா. அவள் நெற்றிப் பொட்டு அப்போது மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

அறைக்குள் ஒரு வாசனை கிளம்பியது. முதலில் லேசாக, பிறகு லேசாக இல்லாமல். மீன் ஏறி இறங்கிய ஐஸ் அது. சனிக்கிழமை பெருமாளுக்காகக் கவுச்சி தொடாதவர் மாமனார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். "கடல் காத்து மாமா" என்றேன். எல்லாச் சன்னலும் சாத்தியிருந்தது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

சாப்பாடும் கூலர் முன்னாலேயே. கீர்த்தனா பொரித்துக் கொண்டுவந்த அப்பளத்தை இலையில் வைத்ததும் அது கைக்குட்டை மாதிரி மடங்கிப் படுத்துக்கொண்டது. மாமனார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அப்படியே சோற்றோடு பிசைந்துவிட்டார். சுவரில் தினசரிக் காலண்டர் அட்டையோடு பிரிந்து பொத்தென்று விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குள் கோபம் கொதித்தது, அதுவும் கம்பளிக்குள்ளேயே வெந்தது.

கீர்த்தனா குனிந்து அவருக்குச் சாம்பார் ஊற்றினாள். அவள் கன்னத்திலிருந்து சொட்டுச் சொட்டாக அவர் இலையில் விழுந்தது.

மாமனார் கை அப்படியே நின்றது. "ஏம்மா அழுவுற?"

"அழல நைனா."

"பின்ன இன்னாது இது? இவன் எதுனா அடிச்சானா?"

"இல்ல நைனா." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேர்க்குது."

சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். "மன்னிச்சிக்கோ நைனா, பொய் சொல்லிட்டேன், ஒரு நாளும் குளுரல, நீ குடுத்ததுன்னு..."

மாமனார் எழுந்தார். கம்பளியை உதறினார். உள்ளே சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "அடிப் பாவிங்களா! எனக்கு மட்டுந்தான் வேர்க்குதுன்னு ரெண்டு தபா பெருமாளக் கும்பிட்டேனே, ஜொரம் வந்துடுச்சோன்னு!"

சன்னல்களைத் தடதடவென்று திறந்தார். கூலரின் பின்தட்டியைக் கழற்றினார். தொட்டிக்குள் கைவிட்டு மோட்டார் வாயை அடைத்திருந்த எதையோ இழுத்து வெளியே எடுத்தார். ஒரு நெத்திலி.

கொஞ்ச நேரம் அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சனிக்கெழமையும் அதுவுமா, கூலர்லயாடா மீன் கொழம்பு வெச்சிகினு கீற?"

"ஐஸ்ஸோட வந்திருக்கும் மாமா" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் பிளக்கைப் பிடுங்கினார். "இத நான் எட்த்துக்கினு போறேன்."

கீர்த்தனா அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, குடுத்தத திருப்பி எட்த்துக்கினு போவாதீங்க. ஓடலன்னாலும் பரவால்ல, அது இங்கியே கெடக்கட்டும். அவ தெனம் தொடச்சி வெச்சிக்கறா. ஒங்கள பாக்குற மாதிரிதான் அத பாக்குறா" என்று கத்திவிட்டேன்.

"ஓடாத சாமான வெச்சிக்கினு இன்னா பூசையா பண்ணப் போற?" அவரும் கத்தினார். "எங்கூர்ல இத போட்டா குளுரு சும்மா பிச்சிக்கும்! இங்க வெச்சது என் தப்பு. இது அங்கதான் இருக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு கூலரின் பக்கம் திரும்பி அதனிடம் சொல்வது போலச் சொன்னார்: "வெய்யில் தாழற வரிக்கும் நீங்களும் அங்க வந்து இருங்க."

கீர்த்தனா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வூட்டுக்கா நைனா?" என்றாள் கீர்த்தனா.

"பின்ன, கெணத்துலயா எறக்கப் போறேன்? துணிய எட்த்து வையி."

கடையை யார் பார்ப்பது என்று நான் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்று அம்மா என்னை வாசலுக்குத் தள்ளினாள். அவள் கம்பளியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

டாடா ஏஸில் முன்னால் டிரைவர், மாமனார், நடுவில் இடிபட்டுக்கொண்டு கீர்த்தனா. பின்னால் நானும் கூலரும். அவசரத்தில் தொட்டித் தண்ணீரை வடிக்க மறந்திருந்தோம். முதல் வேகத்தடையில் பாதி என் மேல் கொட்டியது, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் மீதி. நெத்திலி வாசனையோடு தலையிலிருந்து கால் வரை தொப்பலாக நனைந்து நின்றேன். கடல் காற்று விட்டுப்போய், வயல்வெளியின் காய்ந்த மேற்குக் காற்று வீச ஆரம்பித்தது. கோடை முழுவதும் கூலர் செய்யாததை அது ஒரு நிமிஷத்தில் செய்தது. உடம்பு சிலிர்த்தது. முன்னால் கீர்த்தனா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, சிரிப்புதான் கேட்டது.

களத்தூர் ரோட்டுக்குத் திரும்புகிற வளைவில் கூலர் என் கையை மீறிச் சாய்ந்தது. "மாமா, கூலர் வுழுவுது!" என்று அலறினேன்.

முன்சன்னலிலிருந்து மாமனாரின் தலை வெளியே வந்தது. "அது வுழுந்தா வுழுவட்டும் மாப்ள! நீ கெட்டியாப் புடிச்சிக்கோ!"