மூன்று சுற்றுக் காகிதம்

கண்ணாத்தாள் பன்னிரண்டாவது கம்பிக் காயிலைச் சுற்றி முடித்து மேசையில் வைத்தபோது நான் பத்தாவதில் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ராசிபுரத்தில் சின்னுசாமியண்ணன் எலிமினேட்டர் பட்டறை போட்ட நாளிலிருந்து காயில் சுற்றுகிறவள் நான். ஆறு வருடம் ஆகிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டில் பாடவைக்கும் கையளவுப் பெட்டிதான் எலிமினேட்டர். உள்ளே இரண்டு கம்பிச்சுற்று. ஒன்று சுவர்க் கரண்டுக்கு, இன்னொன்று ரேடியோவுக்கு. இரண்டும் தொட்டுக்கொண்டால் ரேடியோவைத் தொடுகிறவர் கதி அவ்வளவுதான். நடுவே எண்ணெய்க் காகிதம் மூன்று சுற்று இருக்கவேண்டும் என்ற விதித்தாளை அண்ணன் என் தலைக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தார். திங்கட்கிழமை தரச் சோதனை ஆபீசர் வருகிறார். அலமாரியிலிருந்து கைக்கு வந்த இரண்டு பெட்டிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். தேறினால்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரை. இல்லாவிட்டால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

கண்ணாத்தாள் குமாரபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவள். சிறுவயதிலிருந்தே தறிக்கு நூல் தார் சுற்றிப் பழகிய கை. முடிபோன்ற கம்பி அவள் விரலில் அறுவதே இல்லை. கடைக்காரர்கள் வந்தால் அண்ணன், "இந்தப் புள்ள கையப் பாருங்க" என்பார். ஆறு வருடமாக என்னைக் காட்டிச் சொன்ன வார்த்தை அது. பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்குத் தெரியாது.

பத்து நாளாக நான் காகிதத்தை இரண்டு சுற்றோடு நிறுத்தினேன். நாளைக்கு எட்டாக இருந்த காயில் பத்தாயிற்று. அப்படியும் அவள் பன்னிரண்டு. நானே இரண்டு சுற்றித்தான் பத்து என்றால், அவள் ஒன்றுதான் சுற்றுகிறாள் என்று தீர்மானித்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் வந்தார். "ஆபீசர் வாரப்ப காயில் சுத்தற மிசின்ல கண்ணாத்தா உக்காரட்டும். நீங்க பெட்டிக்கு மூடி போடுங்க முத்தாயக்கா."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "வேகத்தப் பாத்து ஏமாந்துபோடாதீங்கண்ணா. காயிதம் எத்தன சுத்துன்னு அறுத்துப் பாருங்க."

அவள் காயில் ஒன்றை எடுத்துப் பிளேடால் கீறினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதன் ஓரம்கூடப் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது. "ஒத்துப் பாத்தர்லாம்" என்று, சந்தேகமே இல்லாமல், 'மு' என்று பென்சிலில் எழுதியிருந்த என் காயிலை எடுத்தார். பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. இரண்டாவது காகிதத்துக்குக் கீழே செம்புக் கம்பி மினுங்கியது.

கண்ணாத்தாள் மெதுவாகச் சொன்னாள். "என்ற தப்புங்ண்ணா. அக்காளுக்குக் காயிதம் வெட்டிக் குடுத்தது நாந்தானுங்க. நீளம் பத்தாம வெட்டிப்போட்டேன்."

"வேகம் மட்டும் இருந்தாப் போதுமா புள்ள? உசுரு போற வேலை" என்று அண்ணன் அவளைக் கடிந்தார்.

எத்தனை நாளாக இதைக் கேட்கக் காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை அந்த மெஷின் எனக்கே. ஆனால் அவள் போட்ட பிச்சையில் உட்காரவேண்டும். கைதான் என்னைவிட ஒசத்தி என்றால் மனசுமா? அதைமட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"அவ செரியாத்தான் வெட்டியிருந்தா" என்றேன். "நாந்தான் ரெண்டோட நிறுத்துனனுங்ண்ணா. பத்து நாளா."

அண்ணன் திட்டவில்லை. அலமாரியிலிருந்து என் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தார். நூறு இருக்கும். "திங்கக்கெழம காலைலக்குள்ள எல்லாத்தயும் பிரிச்சுச் சுத்தோணும். மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கண்ணாத்தாள் கூப்பிடாமலே வந்து எதிரில் சம்மணமிட்டாள். குவியலை இரண்டாகப் பிரித்து, பெரிய பாதியைத் தன் மடிப்பக்கம் தள்ளிக்கொண்டாள். நான் முதல் பெட்டியின் திருகைக் கழற்றுவதற்குள் அவள் காகிதம் வெட்டத் தொடங்கியிருந்தாள். நான் கையை நீட்டி, அவள் குவியலிலிருந்து நான்கு பெட்டிகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.