மிச்சமில்லாத திட்டம்

வெந்நீர்கூட வைக்கத் தெரியாத ஒருவன் நாலு பேர் உள்ள வீட்டின் வாரச் சாப்பாட்டுக்குத் திட்டம் போடுவான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். சொல்ல ஆள் இல்லை. அதனால் சிரிக்கவும் வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

திட்டம் போட்டவன் அவளுடைய கொழுந்தன். மரச்சாமான் கம்பெனி ஒன்றில் திட்டமிடல் மேலாளர். எந்தக் கட்டிலுக்கு எத்தனை திருகு, எந்த லாரி எப்போது கிளம்பும் என்று கணினியில் கட்டம் கட்டமாகப் போடுவது வேலை. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று, "வேற இடம் கிடைக்கிற வரைக்கும்" அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு வந்தான். மழைக்காலம் வந்து போனது. வேறு இடம் கிடைக்கவில்லை. தேடினால்தானே கிடைக்கும்.

அவளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை வறண்டு வீடு திரும்புவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சோபாவிலிருந்து குரல் வரும்.

"அண்ணி, இன்னைக்கு என்ன?"

ஒருநாள் அலுப்பில், "இன்னும் யோசிக்கல தம்பி" என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அதான் அண்ணி இந்த வீட்டோட பிரச்சனையே. பிளானிங் கிடையாது. தினமும் தீயணைப்பு வண்டி மாதிரி அடுப்படிக்கு ஓடறீங்க. பார்க்கவே பாவமா இருக்கு."

பாவமாக இருந்ததாம். சோபாவில் கால் நீட்டிக்கொண்டு பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

அடுத்த சில நாள்களுக்கு வீட்டில் ஒரே விசாரணை. அப்பாவிடம் கேட்டான்: பல் செட்டு, மென்மையாக இருக்க வேண்டும். அண்ணனிடம் கேட்டான்: பஸ் பணிமனையில் இரும்போடு மல்லுக்கட்டும் மெக்கானிக், தினமும் கறியோ கோழியோ வேண்டும். தன்னையே கேட்டுக்கொண்டான்: எண்ணெய் குறைவு, புரதம் அதிகம். அவளிடம் ஃப்ரீசரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டான். பிறகு ஆபீசிலிருந்து ஒரு வண்ண அட்டவணை வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டது. அதில் சாப்பாட்டுக்குப் பெயர் சாப்பாடு அல்ல, 'யூனிட்'.

ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுமைக்கும் சேர்த்துச் சமையல். உரித்தவள் அவள், நறுக்கியவள் அவள், மூன்று அடுப்பிலும் மாறி மாறிக் கிளறியவள் அவள். அவன் கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, "அண்ணி, பீன்ஸ் லேட்டாகுது" என்றான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் பீன்ஸ் தானாகவே வெந்திருக்க வேண்டும். அவனுக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் டப்பாக்களை அடுக்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டான். மூடி போடுவது அவனுக்குக் கைவந்த கலை.

மறுநாள் அவள் வீடு திரும்பியபோது மூவரும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் முன்னால் ஒரு டப்பா, கணவன் முன்னால் ஒன்று, கொழுந்தன் முன்னால் ஒன்று. அவள் கை கழுவி ஃப்ரீசரைத் திறந்தாள். எல்லா டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருந்தது. 'அப்பா', 'அண்ணன்', 'நான்'. அடியில் இருந்த டப்பா வரைக்கும் புரட்டிப் பார்த்தாள்.

"எனக்கு எங்க தம்பி?"

அவன் மெல்லுவதை நிறுத்தாமலே சொன்னான். "நீங்க எப்பவும் கடைசியில மிச்சத்தைத்தானே சாப்பிடுவீங்க அண்ணி. உங்களுக்குன்னு தனியா எடுத்து நான் பார்த்ததே இல்ல. அதனால உங்க பேர்ல யூனிட் போடல."

"சரி. மிச்சம் எங்க?"

"அதுதான் இந்தத் திட்டத்தோட வெற்றியே." அவன் முகம் மலர்ந்தது. "மிச்சமே கிடையாது!"

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் டப்பாவைப் பார்த்தான். மாமனார் தண்ணீர் குடித்தார். கத்தலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கொழுந்தன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாக ஒட்டியதையும் உடைந்ததையும் வழித்துத் தின்றதை ஒரு மடையன்தான் கவனித்திருக்கிறான். அதையும் தப்பாகக் கவனித்திருக்கிறான்.

மாட்டிய கைப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள்.

"பார்சலா?" என்றாள் கடைக்காரி. வீட்டுக்கு வாங்கிப் போகத்தான் இதுவரை வந்திருக்கிறாள்.

"இல்ல. இங்கேயே. தட்டுல."

"என்ன வேணும்?"

யாருக்குக் கோழியில் எந்தத் துண்டு பிடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டு நாளாகிவிட்டது. "சூடா இருக்கிறது எதுவானாலும்" என்றாள். வறுத்த மீனும் ஆவி பறக்கும் சோறும் வந்தன. மீனின் நடுத்துண்டை முதலில் எடுத்தாள். முள்ளை நிதானமாக நீக்கி, யாருக்கும் ஊட்டாமல், தானே தின்றாள். கண் கலங்கியது. மிளகாய் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். வீட்டில் டப்பாக்களைச் சூடாக்க ஆளில்லை. உறைந்த கோழி உள்ளே ஐஸாகவும் வெளியே ரப்பராகவும் மேசைக்கு வந்தது. கழுவாத டப்பாக்கள் தொட்டியில் குவிந்தன. கழுவுவதற்கு அட்டவணையில் கட்டம் போட மறந்திருந்தான் மேலாளர்.

ஒருநாள் அவள் கிளம்பும்போது மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏம்மா, அந்தக் கடையில பல்லில்லாதவனுக்கு ஏதாவது கிடைக்குமா?"

"கிடைக்கும் மாமா. வாங்க."

கடையில் சூப்பை ஊதிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேம்மா."

"எங்க மூடினீங்க? நல்லாத்தான் மென்னுக்கிட்டு இருந்தீங்க."

பெரியவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளும் பேச்சை மாற்றி அவரைக் காப்பாற்றவில்லை.

இருவரும் திரும்பியபோது கொழுந்தன் புதிய அட்டவணையோடு காத்திருந்தான். "அண்ணி, உங்களையும் சேர்த்துட்டேன். புதன்கிழமை மட்டும் கொஞ்சம் இடிக்குது. அன்னைக்கு நீங்க லைட்டா எதையாவது..."

"எனக்கு இடம் ஒதுக்க நீ யாருடா?" இதுவரை அவனை ஒருமையில் பேசியதில்லை. "நான் சம்பாதிச்சு, நான் வாங்கி, நான் வேகவெச்ச சாப்பாட்டுல எனக்குப் பங்கு போட்டுத் தர்றியா? லாரி எப்ப கிளம்பும்னு கணக்கா சொல்லுவியாமே. நீ எப்ப கிளம்புவேன்னு சொல்லு."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான்.

"இங்க பாரு," என்று தொடங்கினான் கணவன், "அவன் நல்லதுக்குத்தான்..."

"நீங்க பேசாதீங்க. பேச வேண்டிய அன்னைக்கு உங்க வாயில கோழி இருந்துது."

மழைக்காலம் முழுக்கக் கிடைக்காத அறை அந்த வாரமே கிடைத்தது. கம்பெனிக்கு எதிரிலேயே, சமையலறையோடு. போகும்போது, "சிஸ்டத்தைப் புரிஞ்சுக்கவே இல்ல அண்ணி நீங்க" என்று வருத்தப்பட்டான். "ஆமா தம்பி, புரியல" என்று கதவைச் சாத்தினாள்.

அதன்பின் அவள் மாலையில் அடுப்படிக்குப் போகவில்லை. கணவன்தான் இரண்டு நாள் கடைச் சாப்பாடு வாங்கி வந்தான். மூன்றாம் நாள் தானே உருளைக்கிழங்கை வேகவைத்து வதக்கினான். பாதி கருகியிருந்தது. தட்டை அவள் முன்னால் முதலில் வைத்துவிட்டு, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளி போலப் பக்கத்தில் நின்றான்.

அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டாள்.

"உப்பு போதல" என்றாள்.

அவன் உப்பெடுக்க ஓடினான். அவள் காத்திராமல் அடுத்த வாயை எடுத்தாள்.